வலது காது

காதை ஒரு பால் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. வரப்புத் தகராறு. அண்ணன் வீசிய கத்தி தம்பியின் தலைக்குத் தப்பி, காதோடு இறங்கியிருந்தது. கவருக்குள் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டியின் மேல் நேராகக் காது. அப்படி வைக்கக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி, உறையில் போட்டுக் கட்டி, அந்த உறையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேராக ஐஸ் பட்டால் சதை கெட்டுப்போகும். டாக்டர் எவ்வளவோ முயன்றார், ஒட்டவில்லை. அந்தக் கவரைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தது வேறு யாருமல்ல, வெட்டிய அண்ணன்தான். செருப்பில்லாத காலோடு நடைபாதையில் நின்று, போகிற வருகிற வெள்ளைச் சேலை எல்லாரிடமும் "ஒட்டிவிடுமா, ஒட்டிவிடுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான் என்றாலும், அந்த வாரம்தான் லூக்கா இருபத்திரண்டாம் அதிகாரத்தை முதல்முறை படிப்பதுபோல் படித்தேன். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில், பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காதை வெட்டியதை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. வெட்டியவன் இயேசுவின் சீஷன் பேதுரு, வெட்டுப்பட்டவன் மல்குஸ் என்று பெயர் சொல்வது யோவான் மட்டும். அந்தக் காதை இயேசு தொட்டுக் குணமாக்கினார் என்று எழுதியிருப்பது லூக்கா மட்டும். லூக்கா வைத்தியர். அடிபட்டவன் பிறகு என்ன ஆனான் என்ற கேள்வியை அவர் விடவில்லை. அதை வாசித்தபோது என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

வலது காது என்று லூக்காவும் யோவானும் குறிப்பாகச் சொல்கிறார்கள். இது எனக்கு நெடுநாள் உறுத்தியது. வலது கைக்காரன் எதிரே நின்று வீசினால் வெட்டு பெரும்பாலும் இடது பக்கம்தான் விழும். எங்கள் பிரிவில் வந்த தலைக்காயங்களில் இடது பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். வலது காது போயிற்று என்றால் மல்குஸ் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேதுரு பின்னாலிருந்து வந்திருக்க வேண்டும். இது என் ஊகம், வேதத்தில் இல்லை. ஆனால் பயத்தில் வீசிய கை என்பது எனக்கு நிச்சயம். "ஆண்டவரே, பட்டயத்தாலே வெட்டுவோமா" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். பட்டயம் என்றால் வாள். பதில் வருவதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், போன ஞாயிறு மாலை எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் ஒரு பையன் கேட்ட கேள்வி. "மறு கன்னத்தைத் திருப்பிக்கொடு என்றால், அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்றுதானே அர்த்தம், அம்மா?" ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம். ஏதோ சொன்னேன், சரியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் பிடிக்கவில்லை. தம்பி, உனக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

எங்கள் சொந்த ஊர் பள்ளிகொண்டாவுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே மின் இணைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அவர்களுக்குப் பிறகு என் தம்பியும், பெரியப்பா மகனான அண்ணனும் அதே முறையைத் தொடர்ந்தார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். வருஷம் முழுக்க மணலாகவே கிடக்கிற ஆறு கரை தொட்டு ஓடியது. அதைப் பார்க்கச் சனங்கள் பாலத்தில் திரண்டு நின்றார்கள். எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையும் புரண்டது. வரப்பு போயிற்று, எல்லைக்கல் இரண்டும் போயின. தண்ணீர் வடிந்ததும் தம்பி தன் நினைவில் இருந்த இடத்தில் வரப்புப் போட்டான். அண்ணன் தன் நினைவில் இருந்த இடம் வேறு என்றார். ஒன்றரை அடி வித்தியாசம். அந்த ஒன்றரை அடி மூன்று மாதத்துக்குள் கிணற்று முறையில் வந்து நின்றது.

2022 பிப்ரவரி கடைசி. மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், விழுது இறங்கும் சமயம். அப்போது தண்ணீர் தப்பினால் காய் பிடிக்காது. மும்முனை மின்சாரம் அன்று இரவில்தான் வந்தது. முதல் நாள் மின்சாரம் வராமலே போன முறை கணக்கில் சேருமா, சேராதா? சண்டை இவ்வளவுதான். அண்ணன் மகன் கையில் மண்வெட்டி இருந்தது. தம்பி அதைப் பிடுங்கப் போனான். இழுபறியில் காம்பு தம்பியின் நெற்றியைப் பிளந்தது. ஏழு தையல்.

மறுநாள் நான் வேலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. தம்பி கட்டுப்போட்ட தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தம்பி மனைவி அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. வாசலில் தம்பி மகன், இருபத்துமூன்று வயது. கூட நான்கு நண்பர்கள், மூன்று இருசக்கர வண்டிகள். சுவரில் சாய்த்துவைத்த கடப்பாரை.

"அத்தை, வழியை விடுங்கள். அப்பா தலையைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். கட்டைப் பிரித்தே பார்த்தேன். நன்றாகத் தைத்திருக்கிறார்கள்" என்றேன். பிறகு எனக்கே எதிர்பாராமல் வாயில் வந்தது: "போகிறதானால் என்னையும் ஏற்றிக்கொண்டு போ. அங்கே அடிபடப் போகிறவனும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்குக் கட்டுப்போட ஓர் ஆள் வேண்டும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் தோன்றியது. 31 ஆண்டுகள் நான் அடி விழுந்த பிறகுதான் ஆட்களைப் பார்த்தேன். அடி விழுவதற்கு முன்னால் ஒருவன் எப்படி நிற்பான் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவன் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் என் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தேன். சலைன் பாட்டில், காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், கையுறை எப்போதும் அதில் இருக்கும். அவன் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நண்பர்களில் இருவர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மற்ற இருவர் தயங்கி நின்றார்கள். வண்டி ஓட்டுகிறவன் கடப்பாரையைப் பிடிக்க முடியாது. ஆகவே அது என் மடியில் குறுக்கே கிடந்தது.

அந்த இரும்பு சில்லென்று இருந்தது. அதன் எடை என் இரண்டு தொடைகளிலும் அழுந்தியது. ஒரு மண்டையில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வயலோரப் பாதையில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். என்ன ஜெபம் செய்தேன் என்று கேட்டால், வார்த்தையாக எதுவும் இல்லை. "ஆண்டவரே" என்பதற்கு மேல் நாக்கு எழவில்லை.

ஓடைச் சிறுபாலத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள், அத்தை."

வைத்தேன். திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பான். "டப்பாவைக் கொண்டுவந்துவிட்டோமே, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றேன்.

அண்ணன் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். உள்ளறையில் அவர் மகன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்தான். முதல் நாள் இழுபறியில் மண்வெட்டியின் இலை அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கியிருந்தது. அடிதடிக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் போலீஸுக்குச் சொல்வார்கள் என்று பயந்து, மஞ்சளை அப்பிப் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு முழுநாள் ஆகியிருந்தது. அறைக்குள் நுழைந்தபோதே வாடை தெரிந்தது.

காய்ந்து ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. சலைனை ஊற்றி ஊறவிட வேண்டும். பத்து நிமிஷமாவது ஆகும். மின்விளக்கு மங்கலாக இருந்ததால் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தவன் என் தம்பி மகன். அந்தப் பத்து நிமிஷமும் அந்த அறையில் யாரும் பேசவில்லை. முதலில் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. துணி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, காயம் தெரிந்தபோது ஆட்டம் நின்றுவிட்டது. அவன் குனிந்து இன்னும் கிட்டத்தில் பிடித்தான். "வலிக்கிறதா?" என்று யாரோ கேட்டார்கள். என் குரல் இல்லை. அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்கள். அவன் எடுத்துக் குடித்தான். "உன் சத்துரு தாகமாயிருந்தால் அவனுக்குப் பானங்கொடு" என்று பவுல் ரோமருக்கு எழுதியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நாங்களே அந்தச் சத்துருவாக அந்த வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம் என்று நினைத்ததில்லை.

மறுநாள் காலை அண்ணன் மகனை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, போலீஸுக்கும் தகவல் போயிற்று. தம்பி கொடுத்திருந்த புகாரை உடனே வாபஸ் வாங்கு என்றும் நான் சொல்லவில்லை. நிலத்தை அளக்க மனுக் கொடுத்துப் பணம் கட்டச் சொன்னேன். சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்துக்கொண்டு அளந்தபோது, அண்ணன் சொன்ன இடம்தான் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. தப்பு என் தம்பி மேல். ஒன்றரை அடிக்கு ஒரு நெற்றியும் ஒரு கையும் போனது போதாதென்று, அன்றிரவு ஓர் உயிரும் போயிருக்கும். அந்த உயிர் நியாயம் இருந்த பக்கத்து உயிராக இருந்திருக்கும்.

இதைத்தான் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும். மல்குஸின் காது வெட்டுப்பட்ட அதே இரவில், பிரதான ஆசாரியனின் மாமனாரான அன்னாவின் முன்னால் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றாரா? "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கை ஓங்கவில்லை, கேள்வியையும் விடவில்லை. மறு கன்னத்தைத் திருப்பச் சொன்னவரே அதை எப்படிச் செய்தார் என்று இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். அடிக்கிறவனை நிறுத்தி, நீ என்ன செய்கிறாய் என்று அவனையே பார்க்கவைக்கிற கேள்வி அது.

இந்த வசனத்தை வைத்துச் சிலர் செய்கிற அநியாயம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. உதடு கிழிந்து, விலா எலும்பு முறிந்து வருகிற பெண்கள் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்பார்கள். வழுக்கி விழுந்தால் இரண்டு கைத்தண்டையிலும் விரல் பதிந்த நீலம் வராது. திரையை இழுத்து மறைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள். "மறு கன்னத்தைக் காட்டு, பொறுத்துப் போ என்று சபையில் சொல்லிவிட்டார்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அடிவாங்கிக்கொண்டே அந்த வீட்டில் இரு என்று இயேசு உனக்குச் சொல்லவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005லேயே சட்டம் வந்துவிட்டது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போவதும் சமாதானத்தைத் தேடுவதுதான்.

தமிழில் 'சமாதானம்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். "சமாதானம் சொல்லாதே" என்றால் சாக்குச் சொல்லாதே என்று பொருள். இயேசு பாக்கியவான்கள் என்றது சமாதானம் சொல்லுகிறவர்களை அல்ல, சமாதானம் பண்ணுகிறவர்களை. நம் சபைகளில் சொல்லுகிறவர்கள் அதிகம். பண்ணுவதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

வேலைக்குப் போன காலமெல்லாம் தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் வேலூர்க் கோட்டையைக் கடந்தேன். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் அதற்குள் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைப் புண்படுத்தியிருந்தன. அந்தப் புண் உண்மை. தூக்கத்திலிருந்த வெள்ளைக்கார வீரர்கள் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தபின், பகலுக்குள் சிப்பாய்கள் 300 பேருக்கு மேல் மாண்டார்கள். சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்கள் சிலுவையை வணங்கியவர்கள். அதே கோட்டைக்குள் 1846இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அங்கே ஆராதனைக்குப் போகும்போதெல்லாம் "உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு" என்ற வார்த்தை பேதுருவுக்கு மட்டும் சொன்னதல்ல என்று எனக்குத் தோன்றும்.

நம் காலத்திலும் ஒருவரைப் பார்த்திருக்கிறோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமோத்தேயு இருவரையும் ஜீப்பில் தூங்கும்போது தீ வைத்துக் கொன்றார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயது, ஆறு வயது. அவருடைய மனைவி கிளாடிஸ், என்னைப்போல ஒரு நர்ஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். மகளோடு ஒடிசாவின் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். வழக்கு அதன் போக்கில் நடந்து, தண்டனையும் வந்தது. மன்னிப்பது வேறு, வழக்கை மூடுவது வேறு. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் பிரிவில் இரவுப் பணியிலிருந்த நாங்கள் நான்கு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தோம். என்னால் முடியுமா என்று அன்று கேட்டுக்கொண்டேன். இன்றும் தெரியாது.

தம்பி ஒருநாள் என்னிடம் கேட்டான்: "ஈசாக்கு மாதிரி கிணற்றை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாயா, அக்கா?" ஆதியாகமம் இருபத்தாறில் ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய துரவுக்குக் கேராரின் மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விட்டுவிட்டு இன்னொன்று தோண்டுகிறார்கள், அதற்கும் சண்டை. மூன்றாவதுக்குச் சண்டை வரவில்லை, ரெகொபோத் என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் தம்பிக்கு அதை எடுத்துக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஈசாக்குக்கு அடுத்த இடம் இருந்தது. பாலாற்றங்கரையில் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கிணறு. விட்டுவிட்டுப் போக வேறு இடம் இல்லாதவர்கள் அதே கிணற்றடியில்தான் சமாதானத்தைத் தோண்ட வேண்டும். தண்ணீர் காண நாளாகும்.

நாளாகத்தான் செய்தது. அந்த ஆண்டு பெரிய வியாழனும் சித்திரை முதல் நாளும் ஒன்றாக, ஏப்ரல் 14 அன்று வந்தன. மாலை ஊர்க் கோயிலில் திருவிருந்து ஆராதனை. எங்கள் தென்னிந்தியத் திருச்சபை வழக்கப்படி, காணிக்கைக்கு முன் "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்று சொல்லி ஆயர் சமாதானத்தைக் கொடுப்பார். ஒருவர் உள்ளங்கைகளுக்குள் மற்றவர் கை. பீடத்திலிருந்து தொடங்கிக் கடைசி வரிசைவரை கைமாறிக்கொண்டே வரும். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தபடி நான் ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாங்கித் தன் மகனுக்குக் கொடுத்தார். அடுத்து என் தம்பி மகன். இருவர் கையும் சேர்ந்தன. அந்தத் தழும்பு அவன் உள்ளங்கையில் பட்டிருக்கும். இரண்டு பையன்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவனுக்கு அடுத்து என் தம்பி. சமாதானம் தன்னிடம் வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டான். வேப்பமரத்தடியில் அவன் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். அன்று அவன் திருவிருந்து எடுக்கவில்லை. நான் அவனைக் கூப்பிடவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்ன ஆண்டவர், மனம் ஒப்பாமல் கையை நீட்டாதவனைத் தள்ளமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டும் அப்படித்தான் வெளியே போனான்.

இன்றுவரை தம்பியும் அண்ணனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. மோட்டார் கொட்டகைக் கதவின் உள்பக்கம் முறைக் கணக்கைச் சாக்பீஸால் எழுதுகிறார்கள். மின்சாரம் வராத நாளுக்கு ஒரு சுழி. யாருடைய எழுத்து எது என்று எனக்குத் தெரியும். அண்ணன் எழுத்து சாய்ந்திருக்கும், தம்பி எழுத்து எட்டாம் வகுப்போடு நின்றுபோன உருண்டை எழுத்து. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை தம்பியின் முறை. அந்த இடத்தில் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: "எனக்குப் போதும். பாக்கி இரண்டு மணி நேரம் நீங்கள் ஓட்டிக்கொள்ளுங்கள்." கீழே சாய்ந்த எழுத்தில், "சரி."